கைபேசியில் இருந்த மகன்: அழிந்துபோன படங்களை எங்கே தேடுவது?

“பிள்ளை, இதுக்குள்ளதான் அவன்ர படம் கிடந்தது. இப்ப காணேல்ல. ஒருக்கா எடுத்துத் தாங்கோ.”

கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில் வசிக்கும் அந்த அம்மா தனது கைபேசியை என் கையில் வைத்தபோது, ஐந்து நிமிட வேலை என்றே நினைத்தேன். நான் அங்கு போனது வேறு காரியத்துக்காக. செம்மணி சித்துப்பாத்திப் புதைகுழியில் இருந்து எடுக்கப்பட்ட உடைகள், காலணிகள், பாடசாலைப் பை, பொம்மை போன்றவை 2025 ஓகஸ்ட் 5 அன்று நீதிமன்ற உத்தரவின் பேரில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அந்தக் காட்சிகளைச் செய்தியில் பார்த்த வன்னித் தாய்மார் என்ன நினைக்கிறார்கள் என்று எழுதுவதே என் நோக்கம்.

செம்மணி என்றால் எங்களுக்கு நினைவில் வருவது 1990களின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்கள். இந்த அம்மாவின் மகனோ 2009 மே மாதம் வட்டுவாகலில் கையளிக்கப்பட்டுத் திரும்பி வராதவர். இரண்டுக்கும் தொடர்பில்லை என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த உடுப்புகளைப் பார்த்த அன்றிரவே மகனின் படத்தைத் தேடியிருக்கிறார். “நாளைக்கு இஞ்சாலையும் எங்கையும் கிண்டினா உடுப்பத்தானே காட்டுவினம். படம் இருந்தா வைச்சுப் பாக்கலாம் எண்டு நினைச்சன்.” படத்தில் மகன் அணிந்திருக்கும் சேர்ட், வட்டுவாகலில் அணிந்திருந்த சேர்ட் அல்ல. அதையும் அவரே சொன்னார்.

கைபேசியைத் திறந்து பார்த்தேன். கலரியில் மூன்று வாரங்களுக்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லை. விசாரித்ததில் கதை விளங்கியது. கைபேசி அடிக்கடி இறுகி நிற்கிறது என்று பேரன் அதைக் கடையில் கொடுத்திருக்கிறான். கடைக்காரர் எல்லாவற்றையும் துடைத்து, புதிதாக ஒரு ஜிமெயில் கணக்கையும் திறந்து, நன்றாக வேலை செய்கிறது என்று திருப்பித் தந்திருக்கிறார். 500 ரூபாய்.

இந்த இடத்தில், இதே நிலையில் இருக்கும் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் அழிந்த படத்தை மீட்கலாமா என்ற கேள்விக்கு, அது எப்படி அழிந்தது, எங்கே இருந்தது, அழிந்த பிறகு என்ன செய்தோம் என்பதைப் பொறுத்தே பதில் இருக்கிறது.

காணவில்லை என்று சொல்லப்படும் படங்களில் பல உண்மையில் அழிந்தவை அல்ல. வேறொரு ஜிமெயில் கணக்கில் இருக்கும். ‘ஆர்க்கைவ்’ என்ற பகுதிக்குப் போயிருக்கும். அல்லது கலரியில் காட்டப்படாத ஒரு கோப்புறைக்குள் கிடக்கும். உண்மையாகவே அழிக்கப்பட்டிருந்தாலும் சில நாட்கள் அவகாசம் உண்டு. கூகுள் போட்டோஸில் ‘ட்ராஷ்’ அல்லது ‘பின்’ என்ற கூடைக்குள், பெக்கப் செய்யப்பட்ட படம் 60 நாட்களும் செய்யப்படாதது 30 நாட்களும் இருக்கும். ஐபோனில் ‘ரீசன்ட்லி டிலீட்டட்’ என்ற அல்பத்தில் 30 நாட்கள். சாம்சுங் கலரியின் கூடையிலும் 30 நாட்கள்தான். முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. காசு கொடுத்து எந்தச் செயலியையும் தரவிறக்கத் தேவையில்லை.

கூடையும் காலியாகிவிட்டால்? பழைய மெமரி கார்ட்டில் ஒரு படத்தை அழிப்பது, வகுப்பு இடாப்பில் ஒரு மாணவனின் பெயரை வெட்டுவது மாதிரி. பெயர் இல்லை, ஆனால் பிள்ளை இன்னும் வாங்கில் இருக்கிறான். அந்த வாங்கில் வேறொருவரை இருத்தும் வரைக்கும் அவனைக் கண்டுபிடிக்கலாம். அதனால்தான் படம் அழிந்தது தெரிந்த உடனே அந்தக் கார்ட்டைக் கழற்றி வைக்கச் சொல்கிறார்கள். மேலும் ஒரு படம் எடுத்தால், ஒரு பாட்டு ஏற்றினால், அது அந்த வாங்கில் போய் இருந்துவிடக் கூடும்.

கைபேசியின் உள் நினைவகம் அப்படி அல்ல. அழிக்கப்பட்ட இடத்தைச் சும்மா விடாமல், அது தானாகவே துப்புரவு செய்துவிடும். அதைவிட முக்கியமானது, இப்போதைய கைபேசிகளில் தரவுகள் எல்லாம் பூட்டப்பட்ட நிலையிலேயே எழுதப்படுகின்றன. கைபேசியை முற்றாகத் துடைத்து ‘ரீசெட்’ செய்யும்போது அந்தப் பூட்டின் திறப்பே அழிக்கப்படுகிறது. அதற்குப் பிறகு உள்ளே ஏதாவது எஞ்சியிருந்தாலும் அதை ஒருவராலும் வாசிக்க முடியாது. ‘அழிந்த படங்கள் அனைத்தையும் மீட்டுத் தருகிறோம்’ என்று விளம்பரம் செய்யும் செயலிகள் பெரும்பாலும் காட்டுவது கைபேசியில் ஏற்கனவே கிடக்கும் சிறு பிரதிகளையும் தற்காலிகக் கோப்புகளையும்தான். காட்டிவிட்டுக் காசு கேட்கும். அதற்கிடையில் உங்களது எல்லாக் கோப்புகளையும் பார்க்கும் அனுமதியையும் வாங்கியிருக்கும்.

பெக்கப் இருந்திருக்குமே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். இங்கே இரண்டு சிக்கல்கள். அம்மாவின் படம் ரொறன்ரோவில் இருக்கும் பெறாமகன் 2016இல் வட்ஸ்அப்பில் அனுப்பியது. கூகுள் போட்டோஸ் பெக்கப்பை இயக்கினாலும், கமராவில் எடுத்த படங்களைத்தான் அது வழமையாக எடுத்துக்கொள்ளும். வட்ஸ்அப் கோப்புறையை நாங்கள்தான் தனியாகத் தெரிவு செய்ய வேண்டும். எங்களுடைய சனத்துக்கு வெளிநாட்டில் இருந்து வந்த பழைய படங்கள் எல்லாம் வட்ஸ்அப்பிலும் வைபரிலும் வந்தவையே. ஆகவே மிகப் பெறுமதியான படங்கள்தான் பெக்கப்புக்கு வெளியே நிற்கின்றன.

மற்றது கணக்கு. இந்த அம்மாவுக்கு இதுவரை மூன்று ஜிமெயில் கணக்குகள் இருந்திருக்கின்றன. மூன்றும் கடைகளில் திறக்கப்பட்டவை. ஒன்றின் கடவுச்சொல்லும் அவருக்குத் தெரியாது. வட்ஸ்அப்பின் பெக்கப்பும் அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்படும். கணக்கு மாறினால் அது கையை விட்டுப் போகும். இதில் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு வருடங்களாக எவரும் பயன்படுத்தாத கணக்குகளை உள்ளே உள்ளவற்றோடு சேர்த்து அழித்துவிடக் கூடிய நடைமுறையை 2023 டிசெம்பர் முதல் கூகுள் கடைப்பிடிக்கிறது. இறந்துபோன தகப்பனின் கணக்கு, நாட்டை விட்டுப் போய்த் தொடர்பறுந்த சகோதரனின் கணக்கு என்று வீட்டில் ஒன்று இருந்தால், கடவுச்சொல் தெரிந்தவர்கள் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

கடைக்காரத் தம்பியிடமும் போனேன். “அக்கா, மெமரி புல். சாமிப் படமும் குட்மோனிங்கும்தான் கிடந்தது. அம்மாட்ட கேட்டனான், ஓம் எண்டவா,” என்றான். அவன் சொன்னதிலும் பொய் இல்லை. அம்மாவிடம் அவன் கேட்டது “எல்லாத்தையும் கிளியர் பண்ணவோ” என்று. அதன் அர்த்தத்தை விளங்கப்படுத்த அவனுக்கு நேரமில்லை, கேட்டறிய அம்மாவுக்குத் துணிவில்லை. சொந்தக் கைபேசியைக் கடவுச்சொல்லோடு சேர்த்து அந்நியர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வெளியே வாங்கில் காத்திருக்கும் பெண்களை எந்த நகரத்திலும் காணலாம். உள்ளே எது அழிகிறது, எது பிரதியெடுக்கப்படுகிறது என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

பிறகுதான் பழைய கைபேசியின் மெமரி கார்ட் நினைவுக்கு வந்தது. அது வீட்டிலேயே இருந்தது, சுவாமி அறையில் பக்திப் பாடல் படிக்கும் சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள். வாங்கில் வேறு ஆட்கள் இருந்துவிட்டார்கள் என்று அப்போதே விளங்கிவிட்டது. இருந்தாலும் அதைக் கழற்றி, என்னுடைய மடிக்கணினியில் செருகி, போட்டோரெக் என்ற மென்பொருளை ஓடவிட்டேன். இது இலவசமானது, யாரும் பயன்படுத்தலாம். பார்க்க அழகாக இருக்காது. கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டும் ஓடும். கார்ட்டில் எதையும் எழுதாமல் வாசிக்க மட்டும் செய்யும் என்பதால்தான் இதை நம்புகிறேன். மீட்ட படங்களை மட்டும் அதே கார்ட்டில் சேமிக்கக் கூடாது, கணினியில் சேமிக்க வேண்டும்.

இரவு ஒன்பது மணிக்குள் நானூற்றுச் சொச்சம் படங்கள் வந்துவிட்டன. பிள்ளையார், நல்லூர்த் தேர், காலை வணக்க ரோஜாக்கள், பேரனின் முதலாம் பிறந்தநாள் கேக், வீட்டுத்திட்டத்துக்கு வெட்டிய அத்திவாரம், பக்கத்து வீட்டுப் பசுக்கன்று, யாரோ ஒருவரின் அடையாள அட்டையின் பின்பக்கம். அம்மா பாயில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிலவற்றைப் பார்த்துச் சிரித்தார். அவரைப் பொறுத்தவரை அவை தொலைந்த விடயமே அவருக்குத் தெரியாத படங்கள்.

அவற்றுக்கிடையே ஒரு படம் அரைகுறையாக வந்தது. இப்படி மீட்கும்போது அது நடப்பதுதான். கோப்பின் முதல் பகுதி எஞ்சியிருக்கும், மிகுதியின் மேல் வேறு ஏதாவது எழுதப்பட்டிருக்கும். மேலே வெளிர் நீலச் சுவர் ஒரு கீற்று, அதன் கீழ் கறுப்பாக மயிர் விளிம்பு, அதற்குக் கீழ் எல்லாம் சாம்பல் நிறம்.

“இது அவன்தான்,” என்றார்.

அது யாருடைய தலையாகவும் இருக்கலாம். பேரனாக இருக்கலாம். ஊடகக் கற்கை படித்த எனக்குப் படத்தைச் சரிபார்ப்பது எப்படி என்று சொல்லித்தந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லித்தரவில்லை. “இருக்கலாம் அம்மா,” என்று மட்டும் சொன்னேன். அந்தக் கோப்பை அழிக்கவில்லை.

இவ்வளவு பாடு எதற்கு, மரபணுப் பரிசோதனைதானே முடிவைச் சொல்லும் என்று ஒருவர் கேட்கக் கூடும். உண்மை, அடையாளம் காண்பதில் மரபணுதான் முதன்மையானது. ஆனால் எந்த எச்சத்தை எந்தக் குடும்பத்தோடு ஒப்பிடுவது என்று தொடங்குவதற்கு, உயிரோடிருந்த காலத்துத் தகவல்கள் தேவை. உயரம், பழைய முறிவு, கட்டிய பல், உடை, நகை. பல் தெரியச் சிரிக்கும் ஒரு தெளிவான படம் தடயவியல் பல் வைத்தியர்களுக்கு உதவக் கூடியது. ஆனால் எங்களுடைய ஆணைக்குழுக் கோப்புகளில் இருப்பவை பெரும்பாலும் வாயை இறுக மூடிய கடவுச்சீட்டுப் படங்கள். இந்த அம்மா தேடியதோ சொந்தக்காரரின் கலியாண வீட்டில் மகன் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். அதை அவர் நினைவுக்காகத் தேடினார். ஆனால் அது ஒரு சான்றும்கூட.

கைபேசியில் இருக்கும் ஒரு கோப்பு சான்றாகும்போது என்ன கேட்கப்படும் என்பதை நாங்கள் ஏற்கனவே பார்த்திருக்கிறோம். 2009 ஓகஸ்டில் சனல் 4 வெளியிட்ட, கண்கள் கட்டப்பட்டவர்கள் சுடப்படும் காணொளியைப் போலி என்று அரசாங்கம் சொன்னது. 2010 ஜனவரியில் ஐ.நா.வின் விசேட அறிக்கையாளராக இருந்த பிலிப் அல்ஸ்டன், சுயாதீன நிபுணர்களின் ஆய்வு அது உண்மையானது என்பதையே வலுவாகக் காட்டுகிறது என்று அறிவித்தார். அந்த வாதம் முழுவதும் நடந்தது கோப்பின் தன்மை, அதற்குள் பதிந்திருந்த தரவு, ஒலியும் ஒளியும் பொருந்தும் விதம் என்பவற்றைச் சுற்றித்தான். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் இருந்து, எடுத்த திகதி, கமரா விபரம் போன்றவை அகற்றப்பட்டுவிடும், படமும் சுருக்கப்படும். அதே படத்தை ‘டொக்யுமென்ட்’ ஆக அனுப்பினால் இருந்தபடியே போகும். வெளிநாட்டில் உள்ள உறவினரிடம் பழைய படம் கேட்கும்போது இந்த ஒரு சொல்லையும் சேர்த்துக் கேளுங்கள்.

எல்லாப் படங்களும் தற்செயலாக அழிவதில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். கைபேசிக்கு முன்பே படங்களை அழிக்கப் பழகிய சனம் நாங்கள். இயக்கத்தில் இருந்த பிள்ளையின் படத்தை அடுப்பில் போட்ட வீடுகள் உண்டு. பொலித்தீன் பையில் சுற்றி வளவுக்குள் தாட்டுவிட்டு, திரும்பி வந்து தோண்டியபோது நிறம் கரைந்த கடதாசியை எடுத்தவர்கள் உண்டு. இப்போது மே 18, நவம்பர் 27 நெருங்கும்போது இளைஞர்கள் கைபேசியைத் ‘துப்புரவு’ செய்கிறார்கள். பேஸ்புக் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2020, 2021 காலப்பகுதியில் நடந்த கைதுகள் எவருக்கும் மறக்கவில்லை. என் பல்கலைக்கழக நண்பி ஒருத்தி, வீதியில் மறித்துக் கைபேசியைக் கேட்கக் கூடும் என்ற பயத்தில் அண்ணனின் படங்களை எல்லாம் கூகுள் போட்டோஸின் ‘லொக்ட் போல்டர்’ பகுதிக்குள் மறைத்து வைத்தாள். பெக்கப்பைத் தனியாக இயக்காவிட்டால் அதற்குள் இருப்பவை அந்தக் கைபேசியில் மட்டுமே இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. கைபேசி பழுதானபோது எல்லாம் போய்விட்டது. அவளுடைய இழப்பை வெறும் தொழில்நுட்பக் கோளாறு என்று என்னால் எழுத முடியாது.

ரொறன்ரோப் பெறாமகனோடு பேசினோம். அவர் அதன்பின் மூன்று கைபேசி மாற்றிவிட்டார். அல்பம் பெரியம்மாவிடம் இருந்தது, வீடு மாறியபோது எங்கே வைத்தார்கள் என்று தேடிச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் தேடுகிறார்.

அடுத்தது கோப்புகள். நல்லிணக்க ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு, அதன்பின் 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று இந்த அம்மா போகாத இடமில்லை. ஒவ்வொரு இடத்திலும் ஒரு படம் கொடுத்திருக்கிறார். எந்த இடத்தில் எந்தப் படம் என்று நினைவில்லை. அப்படிக் கொடுத்த படத்தின் பிரதியைக் கேட்க, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். தன் பிள்ளையின் படத்தைத் திருப்பிப் பார்க்க ஒரு தாய் சட்டத்தின் இலக்கத்தைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுத வேண்டியிருப்பதை நினைத்தால் கோபம் வருகிறது. இருந்தாலும் எழுதிக் கொடுத்தோம். இன்னும் பதில் வரவில்லை.

படம் கடைசியில் கிடைத்த இடத்தை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் உறவினர்களின் தொடர் போராட்டம் ஆரம்பமானது. அந்த வருடம் நான் பல தடவை அங்கு போய்ப் படமெடுத்திருக்கிறேன். அம்மா அந்தக் கலியாண வீட்டுப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, லெமினேட் செய்து பிடித்திருந்தார். அந்த அச்சு வெயிலில் வெளிறி, ஓரத்தால் தண்ணீர் போய், இன்று முகமே தெரியாமல் இருக்கிறது. ஆனால் புதிதாக இருந்த காலத்தில் என் கமரா அதைப் பார்த்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துத் தேடினேன். இரண்டு இரவுகள் போயின. காரணம், என்னுடைய கோப்புகளில் ஒரு பெயரும் இல்லை. ‘போராட்டம் 1’, ‘போராட்டம் 2’. அன்று ஒரு செய்தித் தளத்துக்கு நான் அனுப்பிய படவிளக்கம்கூட “காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்துடன் தாய் ஒருவர்” என்பதுதான். தாய் ஒருவர். மகன் ஒருவர். அவரது பெயரைக் கேட்டு எழுத எனக்கு ஒரு நிமிடம் கூடச் செலவாகியிருக்காது. இந்த ஒன்பது வருடங்களுக்குள் அந்தக் கொட்டில்களில் இருந்த எத்தனையோ பெற்றோர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அவர்கள் பிடித்திருந்த படங்கள் என்னைப் போன்ற ஊடகவியலாளர்களின் ஹார்ட் டிஸ்க்குகளில் ஆயிரக்கணக்கில் பெயரில்லாமல் கிடக்கின்றன. திட்டமிடாமலே நாங்கள் ஒரு பெக்கப் ஆகியிருக்கிறோம், ஆனால் தேடி எடுக்க முடியாத பெக்கப். குடும்பங்களின் சம்மதத்தோடு அவற்றுக்குப் பெயரும் ஊரும் திகதியும் இட்டு ஒழுங்குபடுத்துவது எங்களது தொழிலின் கடன் என்று நினைக்கிறேன். நான் என்னுடையவற்றில் தொடங்கியிருக்கிறேன். 2017 ஏப்ரல் வரை முடிந்தது.

மூன்றாவது இரவில் அவர் கிடைத்தார். ஆறாயிரம் பிக்சல் அகலமான படத்தில் மகனின் முகம் முந்நூறு பிக்சல் அளவுதான். லெமினேட்டில் பட்ட வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தை மூடியிருக்கிறது. சிரிப்புத் தெரிகிறது. மேல்வரிசையில் முன்பல் ஒன்று சற்றுச் சரிந்திருப்பதும் தெரிகிறது. பின்னால் வெளிர் நீலச் சுவர்.

இரண்டு பிரதி அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுப்படம் ஒன்று, மகனின் முகத்தை மட்டும் பெரிதாக்கியது ஒன்று. அசலை ஒரு பென்டிரைவிலும், மகள் மட்டும் கடவுச்சொல் வைத்திருக்கும் ஒரு கணக்கிலும் போட்டோம். அம்மா முழுப்படத்தைத்தான் கூடுதலான நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் அப்ப இப்பிடியோ இருந்தனான்?” என்று கேட்டார்.

பிறகு பேரனிடம் பேனை வாங்கி, படத்தின் பின்பக்கத்தில் மகனின் முழுப் பெயரையும் பிறந்த திகதியையும் எழுதினார். எழுத்துச் சற்று நடுங்கியது. மை காயட்டும் என்று சுவாமி அறை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு, தேத்தண்ணி வைக்க எழும்பினார்.